தாங்குதலும் தாங்கச் சொல்லுதலும்

அறத்திற்கு உவமை தேடிய நம் முன்னோர் மண்ணையும் மரத்தையும் நோக்கினர். தன்னைத் தோண்டுகின்றவனையும் விழாமல் ஏந்தி நிற்கும் நிலத்தைப் பொறையுடைமைக்கு எடுத்துக்காட்டாக வைத்தார் வள்ளுவர். அம்மரபில் வந்த நம் ஆசிரியர்களுக்கு மலையுச்சியில் வளரும் செடி மிகவும் பிடித்த பாடம். காற்று அலைக்கிறது, வெயில் சுடுகிறது, மண்ணோ கைப்பிடி அளவுதான். ஆயினும் அச்செடி புலம்பாமல் பூக்கிறது, நீயும் அவ்வாறே இரு என்று மாணவனுக்கு அறிவுரை கூறுகிறோம். பேச்சுப் போட்டி மேடைகளிலும் கட்டுரை ஏடுகளிலும் இவ்வுவமை எத்தனை முறை வந்திருக்கும் என்பதற்குக் கணக்கில்லை.

அடிக்கடி கையாளப்படும் உவமைகளுக்கு ஒரு குறை உண்டு. சொல்லவந்த பொருளைப் பற்றியே நாம் எண்ணுகிறோமேயன்றி, உவமையாக நிற்கும் பொருள் உண்மையில் என்ன செய்கிறது என்று அருகே சென்று பார்ப்பதில்லை. மலைச்செடி பொறுத்துக்கொள்கிறதா, அல்லது வேறு ஏதேனும் செய்கிறதா? அதைக் காட்டித் துன்பப்படுபவனிடம் ‘பொறு’ என்று சொல்லும் உரிமை நமக்கு உண்டா? முன்னது தாவரவியல் வினா. பின்னது அறவியல் வினா. முன்னதை அறியாமலேயே பின்னதற்கு விடை கூறிவிடலாம். பெரும்பாலும் அப்படித்தான் கூறப்பட்டு வருகிறது.

இதற்காக இமயம் வரை போகவேண்டியதில்லை. குருபோங், டுரியான் துங்கல், ஜாசின் என்று மலாக்காவின் உள்நாட்டுப் பகுதியில் வாழும் நமக்கு அண்மையிலேயே ஒரு மலை இருக்கிறது. ஜொகூர் மண்ணில் 1276 மீட்டர் உயர்ந்து நிற்கும் குனோங் லேடாங்கின் அடிவாரத்தில்தான் நம் மாநிலத்து ஆசாஹான் உள்ளது. 1854ஆம் ஆண்டில் ஆல்பிரட் ரசல் வாலசு என்ற இயற்கை ஆய்வாளர் மலாக்காவிற்கு வந்து, ஆயர் பானாசில் தங்கிப் பறவைகளும் பூச்சிகளும் சேகரித்தபின், இம்மலை மீது ஏறினார். மலைச்சரிவில் ‘பாடாங் பத்து’ எனப்படும் வெறும் பாறைவெளியை அவர் கண்டார். பாறையின் வெடிப்புகளில் மட்டும் செடிகள் செறிந்திருந்தன. தண்ணீர் கிடைக்கும் என்று சொல்லப்பட்ட அவ்விடத்தில் அது கிடைக்காமையால், மலாய்க்காரர் ‘பெரியோக் கெரா’, அதாவது குரங்குப் பானை, என்றழைக்கும் குடுவைச்செடிகளின் நீரைப் பருகியே தாகம் தணித்துக்கொண்டனர். பூச்சிகள் மிதந்த அந்நீர் வெதுவெதுப்பாக இருந்தாலும் சுவை நன்றாகவே இருந்ததாம். பாறைக்கு மேலிருந்த புதரில் ஆளுயரத்திற்கு மேல் வளர்ந்த இருவகைப் பெரணிகளையும் அவர் வியந்து குறித்தார். அவற்றுள் ஒன்று மத்தோனியா. அதனை மீண்டும் காண்போம்.

இத்தகைய இடத்தில் ஒரு செடிக்கு என்னென்ன நேர்கின்றன? மலாக்கா, நிலநடுக்கோட்டிற்கு வடக்கே ஏறத்தாழ 2 பாகையில் உள்ளது. கதிரவன் நம் தலைக்கு நேர்மேலேயே நிற்கிறது. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் ஓசோன் படலமும் வெப்பமண்டலத்தில்தான் இயல்பாகவே மெல்லியது. உயரம் கூடக்கூட இடையில் இருக்கும் காற்றும் குறைகிறது. 1000 மீட்டருக்கு ஏறத்தாழ நூற்றுக்குப் பத்துப் பங்கு என்ற அளவில் புற ஊதாக் கதிர் மிகுகிறது. கண்ணுக்குப் புலப்படாத இக்கதிர் உயிரணுவினுள் புகுந்து மரபுச் செய்தியைச் சுமக்கும் டி.என்.ஏ. இழையைத் தாக்குகிறது. இழையில் அடுத்தடுத்து நிற்கவேண்டிய இரண்டு எழுத்துகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. அவ்விடத்தில் செய்தி படிக்கமுடியாமல் போகிறது. மனிதனாக இருந்தால் நிழலுக்கு ஓடுவான். செடிக்குக் கால்கள் இல்லை. உணவு வேண்டுமென்றால் அதே ஒளியை நோக்கித்தான் அது இலையை விரிக்கவும் வேண்டும். தன்னைச் சுடுகின்றவனிடமே கையேந்தவேண்டிய நிலை என்று இதனைச் சொல்லலாம். தோட்டத்து வாழ்வை அறிந்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை.

ஆயினும் செடி சும்மா இருந்து தாங்கவில்லை. புற ஊதாக் கதிரை உணர்வதற்கென்றே அதன் அணுக்களில் ஒரு புரதம் உண்டு. யு.வி.ஆர்.8 என்ற அப்புரதமே அவ்வுணர்வி என்பதை அறிஞர்கள் 2011இல் மெய்ப்பித்தனர். இரண்டிரண்டாக இணைந்திருக்கும் அப்புரதம் கதிர் பட்டவுடன் பிரிந்து, அணுவின் கருவிற்குச் செய்தி கொண்டு செல்கிறது. உடனே இலையின் மேல்தோலில் பிளேவனாய்டு என்னும் பொருள்கள் உருவாகின்றன. அவை நிறமற்றவை, உணவாக்கத்திற்கு வேண்டிய ஒளியை உள்ளே விட்டு, புற ஊதாக் கதிரை மட்டும் விழுங்கிக்கொள்கின்றன. வெளியில் கிடைக்காத நிழலைச் செடி தன் தோலுக்குள்ளேயே நெய்துகொள்கிறது. அந்நிழலையும் மீறிப் புகுந்த கதிர் டி.என்.ஏ. இழையை ஒட்டவைத்துவிட்டால், போட்டோலயேசு என்ற நொதி வந்து ஒட்டியதைப் பிரித்துச் சீராக்குகிறது. அவ்வேலைக்கு வேண்டிய ஆற்றலை அது கதிரவனின் நீல ஒளியிலிருந்தே பெறுகிறது. மனிதரிடம் இந்நொதி இல்லை. நம் உடல் வேறு வழியில், சற்றுச் சுற்றிவளைத்து, அவ்வேலையைச் செய்துகொள்கிறது.

இன்னொரு செய்தி தமிழாசிரியர்களுக்கு உவப்பளிக்கும். பெண்ணின் மேனிக்கு மாந்தளிரை உவமை கூறுவது நம் புலவர் வழக்கு. அந்தச் செந்நிறம் அந்தோசயனின் என்னும் நிறமியால் வருவது. இலைதிர் காலம் முடிந்து இரப்பர் மரங்கள் துளிர்க்கும்போது தோட்டமே செம்பொன் நிறம் கொள்வதும் அதனால்தான். இன்னும் முதிராத தளிரால் தன்மேல் விழும் ஒளி முழுவதையும் பயன்படுத்த இயலாது. மிகையான ஒளி அதற்கு நஞ்சு. ஆகவே முதிரும் வரையில் ஒரு செம்போர்வை. இது மிகையொளியைத் தடுப்பதற்கா, புற ஊதாக் கதிருக்கா, பூச்சிகளை விலக்குவதற்கா என்ற வழக்கு நெடுநாளாக நடந்து வருகிறது. 1970களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த டேவிட் லீ, தம் உடனாய்வாளர் லோரியோடு சேர்ந்து 1980இல் இத்தளிர் நிறத்தைப் பற்றியும், வெப்பமண்டல மலைகளில் மிகும் புற ஊதாக் கதிர் புதிய தாவர இனங்கள் தோன்றுவதற்கே காரணமாகுமா என்பதைப் பற்றியும் கட்டுரைகள் வெளியிட்டார். நம் புலவர்கள் அழகென்று பாடியது ஒரு குழந்தையின் குடையாக இருப்பதை அறிந்தால், அப்பாடல்களின் சுவை குறையாது. என் கருத்தில் அது கூடவே செய்கிறது.

மலைச்செடியின் சிறுமை எல்லாவற்றையும் கதிரின் தலையில் கட்டிவிடுவதும் தகாது. லேடாங்கின் மேற்பகுதியில் மூடுபனி மிகுதி. கதிர் முழுவீச்சோடு இறங்கும் நேரம் குறைவு. மண் புளிப்பானது, சத்தற்றது. காற்றோ ஓய்வதில்லை. அங்கே ‘சுச்சோர் ஆதாப்’ என்னும் ஒரு செடி வளர்கிறது. ஊசி போன்ற நுண்ணிய இலைகளை உடையது. அதே செடி நம் நாட்டின் கடலோர மணல்வெளிகளிலும் வளர்கிறது. மலையுச்சிக்கும் கடற்கரைக்கும் உயரத்தில் ஒற்றுமை இல்லை; வறுமையில்தான் ஒற்றுமை. கதிர், காற்று, மண்ணின் ஏழ்மை மூன்றும் சேர்ந்து நெருக்கும்போது இலை சிறுத்து, தடித்து, மெழுகு பூசிக்கொள்கிறது. சபாவின் 4095 மீட்டர் உயரக் கினாபாலுவில், ‘சாயாட் சாயாட்’ என்னும் சிறுமரத்தின் இலை ஓரங்களை உள்மடித்துச் சுருண்டு நிற்கிறது. நீலகிரியின் காட்டுப்பூவரசு இலையின் அடியில் பழுப்பு நிறக் கம்பளத்தை விரித்து வைத்திருக்கிறது. சிக்கிம் பக்கத்து இமயத்தில் 4000 மீட்டருக்கு மேல் வளரும் ஒருவகைச் செடியோ, கண்ணாடி போல் ஒளி ஊடுருவும் வெளிறிய மடல்களால் தன் பூங்கொத்தை மூடி, புற ஊதாக் கதிரைத் தடுத்து வெப்பத்தை மட்டும் உள்ளே சேர்க்கிறது.

இவ்வளவும் கேட்கும்போது வியப்புத் தோன்றும். வியப்போடு நின்றுவிட்டால் பழைய உவமைக்கே திரும்பிவிடுவோம். இவற்றுக்கெல்லாம் விலை கொடுக்கப்படுகிறது என்பதைக் கருதவேண்டும். தோலில் நெய்த நிழலுக்கும், தடித்த இலைக்கும், பழுதுபார்க்கும் நொதிக்கும் செலவாகும் பொருள் அனைத்தும் வளர்ச்சியிலிருந்து எடுக்கப்பட்டதே. உச்சியிலுள்ள மரம் இடுப்பளவே இருக்கிறதென்றால், எஞ்சிய உயரத்தை அது உயிர்வாழ்வதற்குச் செலவழித்துவிட்டது என்று பொருள்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் கிளாசென், கெக், ஹீசி என்ற மூன்று அறிஞர்கள் இதனைச் சோதித்து 1940இல் நூலாக வெளியிட்டனர். ஒரே செடியைப் பல துண்டுகளாக்கி, கடல்மட்டத்தை ஒட்டிய ஸ்டான்போர்டிலும், 1400 மீட்டர் உயரத்திலும், 3050 மீட்டர் உயரத்திலும் நட்டுப் பார்த்தனர். தாழ்நிலத்துச் செடிகள் உச்சித் தோட்டத்தில் பிழைக்கத் திணறின. அஃது எதிர்பார்த்ததே. உயர்மலைச் செடிகளைக் கீழே கொண்டுவந்து நல்ல மண்ணும் நீரும் கொடுத்தபோதோ அவை தாழ்நிலத்து உறவினரைப் போல் நெடிதாக வளரவில்லை. குறுமை அதற்குள் மரபாகவே பதிந்துவிட்டிருந்தது. ஒரு தலைமுறை பட்ட துன்பமே இப்படிப் பதிந்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. உச்சியில் நெடிதாக வளர முயன்றவை எண்ணற்ற தலைமுறைகளில் மாண்டொழிந்தன, குறுகியவை எஞ்சின. ‘மலைச்செடி தாங்குகிறது’ என்று நாம் சொல்லும்போது, தாங்காமல் போனவற்றைக் கணக்கில் சேர்ப்பதில்லை. நாம் பார்ப்பது எஞ்சியதை மட்டும். மனிதரைப் பற்றியும் நாம் இப்படித்தான் பேசுகிறோம். லயத்து வீட்டில் பிறந்து, மண்ணெண்ணெய் விளக்கில் படித்து, மருத்துவராகவோ வழக்கறிஞராகவோ உயர்ந்த ஒருவரை மேடையேற்றி, ‘வறுமை இவரை உருவாக்கியது’ என்கிறோம். அதே லயத்தில் அவரோடு பிறந்து, அவரைவிட நன்றாகக் கணக்குப் போட்டு, ஆறாம் ஆண்டோடு நின்று பால்வாளி தூக்கியவர்கள் அம்மேடையில் இல்லை.

இங்கே ஒரு மறுப்பு எழும். துன்பமே வேண்டாம் என்றால் பிள்ளைகள் நெஞ்சுரம் இல்லாமல் வளரமாட்டார்களா என்று கேட்கலாம். நியாயமான கேள்வியே. நிழலிலேயே வைக்கப்பட்ட நாற்று வெளிறி, மெலிந்து, நெடுநெடுவென்று நீள்கிறது. அதன் இலையில் பிளேவனாய்டு குறைவு. ஓரளவு வெயில் பட்டால்தான் அது தன் நிழலை நெய்யக் கற்கிறது. ஆனால் அந்த ‘ஓரளவு’ என்பதை யார், எப்படி முடிவு செய்கிறார் என்பதில்தான் அறம் இருக்கிறது. நம் செம்பனைத் தோட்டங்களின் நாற்றுப்பண்ணையை எண்ணிப் பாருங்கள். முளைவிட்ட விதையைச் சிறு பையில் வைத்து முதல் மூன்று மாத அளவு நிழலில் வளர்க்கிறார்கள். பின்னர் அந்நிழலை ஒரே நாளில் எடுத்துவிடுவதில்லை. சிறிது சிறிதாக விலக்கி, இலை கருகுகிறதா என்று பார்த்துப் பார்த்து, நாற்று வெயிலுக்குப் பழகியபின்பே பெரிய பைக்கு மாற்றித் திறந்தவெளிக்குக் கொண்டு செல்கிறார்கள். அங்கும் ஓராண்டளவு நீரூற்றிக் காத்தபிறகே தோட்டத்தில் நடுகிறார்கள். திடீரென்று நிழலை எடுத்தால் நாற்று கருகும் என்பது தோட்டத்து வேலையாட்கள் எல்லாருக்கும் தெரியும்; தோட்ட நிருவாகத்திற்கும் தெரியும். கருகிய நாற்று நட்டக் கணக்கில் ஏறும்.

நாற்றுக்குக் காட்டிய இந்தக் கவனம் நாற்றுக்கு நீரூற்றியவர்களுக்குக் காட்டப்பட்டதா? 1950களிலும் 60களிலும் வெளிநாட்டு முதலாளிகள் தோட்டங்களை விற்றபோது, அவை சிறு சிறு பகுதிகளாகக் கூறுபோடப்பட்டன. தோட்டத் துண்டாடல் என்று நம் வரலாறு அதனைக் குறிக்கிறது. வேலை போனபோது வீடும் போயிற்று; ஏனெனில் லயம் தோட்டத்தினுடையது. பள்ளி, கோயில், பிள்ளைக் கொட்டகை, கடைக்கணக்கு அனைத்தும் ஒரே வேலியின் நிழலில் இருந்தவை. பிற்காலத்தில் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியபோதும் இதே கதை நடந்தது. குருபோங்கைச் சுற்றிலும் கூட இன்று பார்ப்பது வீட்டுமனைகளும் தொழிற்கூடங்களுமே. மூன்று தலைமுறை நிழலில் இருந்தவர்கள் ஓர் அறிவிப்புத் தாளோடு வெயிலில் நிறுத்தப்பட்டனர். அப்போது அவர்களிடம் ‘மலைச்செடியைப் பார், பொறுமையாக இரு’ என்று சொன்னவர்கள் இருந்தார்கள். சொன்னவர்களில் நல்லவர்களும் உண்டு. ஆயினும் அச்சொல் கேட்டவனுக்கு ஆறுதலாவதைவிட, நிழலை எடுத்தவனுக்கே வசதியாக இருந்தது.

லேடாங் மலையைப் பற்றிச் செஜாரா மெலாயு கூறும் கதை நம் பிள்ளைகள் பலருக்கும் தெரிந்ததே. மலை இளவரசியை மணக்க விரும்பிய மலாக்கா சுல்தான் மகமூதுவிடம் அவள் பொன்னாலும் வெள்ளியாலும் பாலங்கள் கேட்டாள்; தட்டுத் தட்டாகக் கொசுவின் இதயங்கள் கேட்டாள்; ஒரு சாடி நிறையக் கண்ணீர் கேட்டாள்; இறுதியாக மன்னனின் இரத்தமும் அவன் மகனின் இரத்தமும் கேட்டாள். மற்றவை எல்லாவற்றுக்கும் இசைந்த மன்னன், இரத்தத்தைக் கேட்டபோதுதான் இயலாது என்றான். இக்கதையை வகுப்பில் சொல்லும்போது பொற்பாலத்தை வியந்துவிட்டு மேலே போய்விடுகிறோம். என்னை நிறுத்துவது அந்தக் கண்ணீர்ச் சாடி. அது யாருடைய கண்ணீர்? மன்னன் அதைப் பெரிய செலவாகக் கருதவில்லை. ஏனெனில் அழவேண்டியவன் அவன் அல்லன். தன் பிள்ளையின் மேனியைத் தொடும்போதுதான் துன்பத்தின் விலை அவனுக்குத் தெரிந்தது. தாங்குவதற்கும் தாங்கச் சொல்வதற்கும் உள்ள இடைவெளி அந்தச் சாடிக்கும் அந்தக் கிண்ணத்திற்கும் உள்ள இடைவெளிதான்.

ஒருவன் ஒரு நோக்கத்திற்காகத் தானே தேர்ந்து துன்பத்தை ஏற்றால் அது அறம். பிள்ளையின் படிப்பிற்காக இருவேளை உண்டு வாழ்ந்த தாய் அறத்தோடு வாழ்ந்தாள். கூலி போதாமையால் இருவேளை உண்டவளை அந்தப் பெயரால் அழைத்தால், கூலி கொடுத்தவன் தப்பித்துக்கொள்கிறான். செடி தேர்வதில்லை, விதை விழுந்த இடத்தில் முளைக்கிறது. அதனால் செடியிடமிருந்து நாம் பொறுமை என்னும் பண்பைக் கற்க இயலாது. அது செய்யும் வேலையை மட்டுமே கற்க இயலும். அந்த வேலை நிழல் நெய்தல். துண்டாடலின் நடுவே 1960ஆம் ஆண்டில் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, பாட்டாளிகள் மாதம் பத்து வெள்ளி செலுத்திப் பங்குதாரர் ஆயினர். விற்பனைக்கு வந்த தோட்டங்களைச் சங்கம் வாங்கியது. பத்து வெள்ளி அன்றைய கூலியில் சிறிய தொகையன்று. எல்லாத் தோட்டங்களையும் அச்சங்கத்தால் காத்துவிட முடியவில்லை என்பதும் உண்மை. ஆனால் மலைச்செடியை உவமையாகக் காட்டவேண்டுமென்றால் நான் இங்கேதான் காட்டுவேன். கைகட்டி நின்றவனிடம் காட்டமாட்டேன்.

மனிதனுக்குச் செடியைவிட ஒரு வழி கூடுதலாக உண்டு. வெயிலையே குறைக்க அவனால் முடியும். 1985இல் அண்டார்ட்டிக்காவின் வானில் ஓசோன் படலம் பெரிதும் தேய்ந்திருப்பதை ஆங்கிலேய ஆய்வாளர்கள் வெளியிட்டனர். குளிர்பெட்டியிலும் தெளிப்பான்களிலும் பயன்பட்ட குளோரோபுளோரோகார்பன் என்ற வேதிப்பொருள்கள் அப்படலத்தைச் சிதைக்கக்கூடும் என்பதை மொலினா, ரோலண்டு இருவரும் 1974இலேயே கூறியிருந்தனர். ‘புற ஊதாக் கதிர் மிகுந்தால் என்ன, தொப்பி அணிந்துகொள்ளுங்கள், செடிகள் பழகிக்கொள்ளும்’ என்று வாதிட்டவர்களும் அன்று இல்லாமலில்லை. உலக நாடுகள் அவ்வாதத்தை ஏற்கவில்லை. 1987இல் மொன்றியல் உடன்படிக்கையில் கையெழுத்திட்டு அப்பொருள்களைப் படிப்படியாக ஒழித்தன. உலகின் பெரும்பகுதியில் 2040ஆம் ஆண்டளவிலும், அண்டார்ட்டிக்காவில் 2066ஆம் ஆண்டளவிலும் ஓசோன் 1980ஆம் ஆண்டின் நிலைக்குத் திரும்பும் என்று 2022ஆம் ஆண்டு மதிப்பீடு கணித்தது. தாங்குபவனின் திறமையைப் புகழ்வதோடு நில்லாமல், தாங்கவேண்டிய சுமையைக் குறைத்த செயல் இது. மாணவர்க்கு இதனையும் சேர்த்துச் சொன்னால் பாடம் முழுமை பெறும்.

ஏனெனில் தாங்குதலுக்கு எல்லை உண்டு. வாலசு லேடாங்கில் கண்ட மத்தோனியாவின் குடும்பம் மிகத் தொன்மையானது. இருபது கோடி ஆண்டுகளுக்கு முன்பே அக்குடும்பத்துப் பெரணிகள் உலகில் பரந்திருந்தன. அவற்றின் கல்லுருக்கள் ஐரோப்பியப் பாறைகளில் கூடக் கிடைக்கின்றன. இன்று மலேயா, சுமத்திரா, போர்னியோ, நியூ கினி வட்டாரத்தில் மட்டும், இரண்டே பேரினங்களாக அது எஞ்சியிருக்கிறது. மலையில் 1000 மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 6 பாகை குறைகிறது. ஆகவே நாட்டின் வெப்பம் 1 பாகை கூடினால், பழைய குளிர்ச்சியை நாடும் செடி 160 மீட்டருக்கு மேல் ஏறியாகவேண்டும். 1276 மீட்டர் மலையில், உச்சியிலிருந்து 150 மீட்டருக்குள் வாழும் செடிக்கு ஏறிச்செல்ல இடமில்லை. மத்தோனியாவின் நுண்வித்துகள் காற்றில் பறக்கத்தான் செய்கின்றன. அவை பறந்து போய் விழும் நிலமோ, மலையைச் சுற்றிலும், சமவெளியின் இரப்பர் தோட்டமும் செம்பனைத் தோட்டமுமாக இருக்கிறது.